பிள்ளை வந்திட்டுது: குறும்படக் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, முதற் குறும்படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் திருநர்களும், ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத நொன்-பைனரி படைப்பாளிகளும் எழுதியவை.

கேள்வி: என் படத்தின் பிரதான பாத்திரம் நொன்-பைனரி. வசனத்தில் 'அவர்' என்று எழுதினேன். ஒத்திகையில் தாயாக நடிப்பவர் சொன்னபோது ஒட்டவே இல்லை. சிங்கள, ஆங்கில சப்டைட்டிலும் போட வேண்டும். (வெள்ளவத்தை)

பதில்: ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. எழுத்துத் தமிழில்தான் 'அவர்' இருபாலுக்கும் பொது. யாழ்ப்பாணப் பேச்சில் 'அவர் வந்தவர்' என்றால் ஆண், 'அவா வந்தவா' என்றால் பெண். உங்கள் படத்தின் தாய் அந்தப் பேச்சைப் பேசுபவர் என்றால், 'அவர்' என்று சொன்னதும் பிள்ளையை ஆணாக்கிவிடுகிறார்.

வழி அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. "பிள்ளை வந்திட்டுது", "பிள்ளை சாப்பிட்டிட்டுதோ?" என்று அம்மாமார் கேட்பதில் பாலும் இல்லை, தூரமும் இல்லை. தாயின் வசனம் முழுவதையும் இப்படி மாற்றி ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அதே வினைமுடிவு அயலவர் வாயில் வந்தால் குத்தும். "அங்க பாருங்கோ, அது போகுது" என்பதில் பாசமில்லை. ஆங்கில சப்டைட்டிலில் இரண்டுக்கும் 'இட்' போட்டால் தாயும் அயலவரும் ஒன்றாகிவிடுவார்கள். தாய்க்குப் பெயரையோ 'மை சைல்ட்' என்றோ, தேவையான இடத்தில் 'தே' என்றோ போடுங்கள். 'இட்' அயலவருக்கு மட்டும். படத்தின் வலியே அந்த ஒரு சொல்லில் இருக்கலாம், அதை மொழிபெயர்ப்பாளரின் தெரிவுக்கு விட்டுவிடாதீர்கள்.

சிங்களத்தில் இவ்வளவு சிரமமில்லை. பேச்சுச் சிங்களத்தின் 'எயா' இருபாலுக்கும் பொது, வினையும் பால் காட்டாது. ஆனால் சப்டைட்டில் எழுதுபவர்கள் பழக்கத்தில் எழுத்துச் சிங்களத்துக்குப் போய்விடுவார்கள். போனால் ஆணா பெண்ணா என்று தெரிவுசெய்தே ஆக வேண்டும். பேச்சு நடையிலேயே எழுதும்படி வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மண்டபத்தில் போட்டபோது தமிழ் சப்டைட்டில் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. (கொட்டாஞ்சேனை)

பதில்: பாமினியில் தட்டச்சு செய்திருப்பீர்கள். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைக்கும் எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றி, எஸ்.ஆர்.டி. என்ற சப்டைட்டில் பைலை யூ.டி.எப்-8 ஆகச் சேமியுங்கள். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் 'கொ' உடைந்து புள்ளிவட்டத்தோடு தெரிந்தால், கிராபிக்ஸ் தெரிவுகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான முறைக்கு மாற்ற வேண்டும். சப்டைட்டிலைப் படத்தோடு பதித்த பிரதி ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: நாயகன் திருநம்பி. அண்மையில்தான் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் எடுக்கத் தொடங்கியிருக்கிறார். விடுபட்ட காட்சிகளை நாலு மாதம் கழித்து எடுக்கலாமா? (தெஹிவளை)

பதில்: படம் எடுக்கலாம், குரல் பொருந்தாது. சில மாதங்களிலேயே குரல் இறங்கத் தொடங்கலாம். நிலைபெற ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும், இறங்கியது திரும்பாது. எடிட்டிங்கில் சுருதியை ஏற்றி இறக்கிச் சரிக்கட்ட நினைக்க வேண்டாம். பொம்மை பேசுவதுபோல் கேட்கும்.

ஒவ்வொரு காட்சியும் முடிந்த கையோடு, கமராவை நிறுத்திவிட்டு, அதே அறையில் அதே மைக்கில் அவருடைய வசனம் முழுவதையும் இரண்டு தடவை பதியுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். பிறகு எவரும் அசையாமல் அறையின் வெறும் ஒலி ஒரு நிமிடம். கடற்கரைப் பக்கத் தொடர்மாடி என்றால் புகையிரத நேரங்களை முதலே குறித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியையும் பிரிட்ஜையும் நிறுத்துங்கள். வாகனச் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்தால் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள்.

அவர் பைண்டர், அதாவது மார்பை இறுக்கித் தட்டையாகக் காட்டும் உள்ளாடை, அணிபவரா? எட்டு மணி நேரத்துக்கு மேல் அணிவது கூடாது, கொழும்பு வெக்கையில் இன்னும் குறைவாகவே இருக்கட்டும். வீட்டிலிருந்து அணிந்து வரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து அட்டவணை போடுங்கள். மைக்கைப் பைண்டரில் ஒட்டினால் துணி உரசும். சட்டையின் பொத்தான் பட்டிக்குள், நாடிக்கு ஒரு சாண் கீழே வையுங்கள். மைக்கை அவர் கையிலேயே கொடுங்கள், அவரே பொருத்தட்டும்.

கேள்வி: நடித்தவர்களில் இருவர் திருநர்கள் என்பது அவர்கள் வீட்டில் தெரியாது. பெயர்ப் பட்டியலில் என்ன செய்வது? (வத்தளை)

பதில்: அவர்கள் சொல்லும் பெயரை, அவர்கள் சொல்லும் எழுத்தில் போடுங்கள். அடையாள அட்டைப் பெயர் பணம் கொடுக்கும் பத்திரத்தில் மட்டும் இருக்கட்டும், அது தயாரிப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும். பட்டியலில் மாற்றிவிட்டு, பைலின் பெயரிலும் விழாவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலும் பழைய பெயரை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

சம்மதப் பத்திரத்தில் ஒரே கையெழுத்து போதாது. வெளிநாட்டு விழா, இலங்கை மண்டபம், போஸ்டரும் டிரெய்லரும், இணையம் என்று நான்கையும் தனித்தனியே கேளுங்கள். இணையத்தை அவசரப்படுத்தாதீர்கள். மண்டபத்தில் காட்டுவதை நிறுத்தலாம், இணையத்தில் பரவியதை நிறுத்த முடியாது. படத்தைப் பார்த்த பிறகு முடிவு சொல்லவும் இடம் விடுங்கள்.

கேள்வி: எங்கே காட்டலாம்? சட்டச் சிக்கல் வருமா? (கொழும்பு 13)

பதில்: பால்புதுமையினர் படங்களுக்கான மும்பையின் கஷிஷ் விழா 2010 முதலும், யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா 2015 முதலும் நடக்கின்றன. ஆஸ்கார் விதியில் 40 நிமிடம் வரை குறும்படம்தான், என்றாலும் 12 நிமிடப் படத்துக்கு நிகழ்ச்சியில் இடம் கிடைப்பது சுலபம். யூடியூப்பில் பகிரங்கமாகப் போட்ட படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை, கடவுச்சொல் உள்ள இணைப்பை அனுப்புங்கள்.

திருநராக இருப்பது இலங்கையில் குற்றமில்லை. 2016 சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கைக்குப் பிறகு, பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும் மாற்றலாம். தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் பேசுவது பாலுறவுச் செயல்களை. ஆனாலும் ஆள்மாறாட்டப் பிரிவையும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும் காட்டித் திருநர்களை வீதியில் மறிப்பது நடக்கிறது. அதனால் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு அனுமதிக் கடிதத்தின் பிரதியை எல்லோரிடமும் கொடுத்து வையுங்கள். பொலிஸ் வந்தால் பேசுவதற்கு ஒருவரை முதலே தீர்மானியுங்கள். அந்த ஆள், அடையாள அட்டைப் படமும் முகமும் ஒத்திருப்பவராக இருக்கட்டும்.