72,000 ரூபாய்க்கு மூன்று ரக்: பணம் எங்கே வீணாகிறது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இரண்டு பெட்ரூம் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஹால் 15க்கு 11 அடி. நீளச் சுவரை ஒட்டி ஏழடி சோபா, எதிரே டிவி ஸ்டாண்டு. சாப்பாட்டு மேசை 5க்கு 3 அடி. 10 அடி அகல பெட்ரூமின் நடுவில் குயின் சைஸ் கட்டில். கம்பளி ரக் (தரைவிரிப்பு) சதுர அடி 450 ரூபாய் என்று கடையில் சொல்கிறார்கள். ஹாலுக்கு 10க்கு 8, சாப்பாட்டு மேசைக்கும் கட்டிலுக்கும் தலா 8க்கு 5 என மொத்தம் 72,000 ரூபாய். கையில் 40,000 இருக்கிறது. மீதி 32,000 ரூபாயை ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐயில் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குக் கடனே தேவைப்படாது. கொட்டேஷனில் இரண்டு அளவுகள் தவறு, மூன்றாவது வீண் செலவு.

ஹாலில் இருந்து வருவோம். சோபாவின் முன்கால்கள் மட்டும் ரக்கின் மேல் நின்றால் போதும். சோபாவின் ஆழம் 3 அடி என்றால், ரக் சுவரிலிருந்து சுமார் இரண்டேகால் அடி தள்ளித் தொடங்கும். அதோடு 8 அடியைக் கூட்டினால் பத்தேகால். ஹாலின் அகலமே 11 அடிதான், அதில் டிவி ஸ்டாண்டு ஒன்றேகால் அடியைப் பிடித்துக்கொள்ளும். ஆக ரக்கின் ஓரம் அரையடி ஸ்டாண்டுக்கு அடியில் போய்விடும். முன்கால் ரக்கிலும் பின்கால் தரையிலுமாக ஸ்டாண்டு பின்பக்கம் சாயும். 9க்கு 6 எடுங்கள். சோபாவுக்கு இருபுறமும் ஓரடி நீண்டிருக்கும், டிவி பக்கம் ஒன்றரை அடி தரை நடக்கக் கிடைக்கும். 54 சதுர அடி, 24,300 ரூபாய். இதிலேயே 11,700 மிச்சம். அதற்கும் கீழே இறங்காதீர்கள். சோபாவைவிடக் குட்டையான ரக் கால்மிதி மாதிரி தெரியும், ஆறே மாதத்தில் இன்னொன்று வாங்கத் தோன்றும்.

அறையைப் பார்த்து வாங்காமல் சோபாவைப் பார்த்து வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாடகை வீடு மாறும், சோபா கூடவே வரும்.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் எதுவும் வேண்டாம். நாற்காலியைப் பின்னால் இழுத்தாலும் அதன் நான்கு கால்களும் ரக்கிலேயே இருக்க வேண்டுமானால், மேசையைச் சுற்றி இரண்டடி தேவை. உங்கள் மேசைக்கு 9க்கு 7, கடை அளவில் 10க்கு 8. அவர்கள் சொன்ன 8க்கு 5 போட்டால் நாற்காலிப் பக்கம் ஓரடிதான் மிஞ்சும். பின்கால் ஒவ்வொரு முறையும் விளிம்பில் இடறும், ஓரத் தையல் பிரியும். சாம்பாரின் மஞ்சள் கறை கம்பளியில் ஏறினால் லேசில் போகாது என்பது தனிக் கதை. 18,000 ரூபாய் அப்படியே மிச்சம்.

கட்டிலுக்கு 8க்கு 5 தவறில்லை. குறுக்கே போட்டால் இருபுறமும் ஒன்றரை அடி வெளியே தெரியும். ஆனால் கால்மாட்டில் ஒன்றரை அடி விட்டது போக, பதினேழரை சதுர அடி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். யாரும் மிதிக்காத அந்தத் துண்டுக்கு மட்டும் 7,875 ரூபாய். அதற்குப் பதிலாக 6க்கு 2 ரன்னர் (குறுகிய நீள விரிப்பு) இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. அதே விலையில் 10,800 ரூபாய். பவானி ஜமக்காள ரகத்தில் பருத்தி விரிப்பு எடுத்தால் இன்னும் குறையும், துவைக்கவும் முடியும். கீழே பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டில் என்றால் ரன்னர்தான் ஒரே வழி.

மொத்தம் 35,100. மீதி 4,900 ரூபாயில் ஹாலுக்கும் ரன்னர்களுக்கும் வழுக்காத அடிவலை வாங்குங்கள். டைல்ஸ் தரையில் அது இல்லாமல் போடக் கூடாது. வலை ரக்கைவிட எல்லாப் பக்கமும் ஓரங்குலம் குறைவாக இருக்கட்டும்.

பணம் கட்டும் முன் இரண்டு வேலை. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி அளவைக் குறித்து, பால்கனிக் கதவும் அலமாரிக் கதவும் ரக்கின் தடிமனைத் தாண்டித் திறக்குமா என்று பாருங்கள். கடையில் லேபிளின் சென்டிமீட்டரைப் படியுங்கள். '8க்கு 5' என்று விற்பது பல நேரம் 230க்கு 160 தான், அதாவது நீளம் ஏழரை அடி.

நோ காஸ்ட் இஎம்ஐயில் வங்கி வட்டி வாங்கத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்குக் கடையோ கம்பெனியோ தள்ளுபடி கொடுக்கிறது, அவ்வளவுதான். வட்டி மேல் 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். 32,000 ரூபாய்க்கு ஆண்டு 16% என்றால் ஆறு மாத வட்டி சுமார் 1,450 ரூபாய். முழுத் தொகையையும் உடனே கட்டுவதாகச் சொல்லி, அதே விகிதத்தில் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.