மினிடிவி (MiniDV) கேம்கார்டர் டேப்பிலிருந்து எடுத்த காட்சியில் சீப்புப் பல் கோடுகள்: எப்படி நீக்குவது, எந்தக் கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) எடிட் செய்வது?

கை அசையும்போது தெரியும் அந்தக் கோடுகள் பழுதல்ல. நொடிக்கு 25 ஃபிரேம் கொண்ட டிவி முறையான பால் (PAL) மினிடிவியில் ஒவ்வொரு ஃபிரேமும் 1/50 நொடி இடைவெளியில் பதிந்த இரண்டு ஃபீல்டுகளின் (ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், மற்றதில் இரட்டைப்படை வரிகள்) பின்னல். அதனால் டீஇன்டர்லேஸ் செய்யும்போது (பின்னலைப் பிரித்து முழு ஃபிரேம்களாக்கும்போது) நொடிக்கு 50 ஃபிரேமாக எடுங்கள். 25 ஆக்கினால் அசைவின் வழவழப்பு போய்விடும். இதற்கு எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச மென்பொருளின் பிடபிள்யூடிஃப் (bwdif) ஃபில்டர் போதும். பொறுமை இருந்தால், மெதுவாக வேலை செய்யும் க்யூடிஜிஎம்சி (QTGMC) என்ற டீஇன்டர்லேஸ் ஸ்கிரிப்ட் இன்னும் நன்று.

மினிடிவியில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். வரிசையை மாற்றிக் கொடுத்தால் அசைவு முன்னும் பின்னுமாக உதறும். படத்தைப் பெரிதாக்குவதை டீஇன்டர்லேஸுக்குப் பிறகே செய்யுங்கள். முந்திக்கொண்டால் ஃபீல்டுகள் கலந்துவிடும், அப்புறம் சுத்தமாகப் பிரிக்க முடியாது.

எடிட்டிங்குக்கு ஏற்ற கோடெக் புரோரெஸ் (ProRes) 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் (DNxHR). எச்.264 பக்கத்து ஃபிரேம்களைச் சார்ந்தே விரிவதால் டைம்லைன் திணறும்; அது இறுதி வெளியீட்டுக்கு. ஒரு மணி நேரப் பதிவுக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும், டேப்பிலிருந்து எடுத்த மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.