டி20 காலத்தில் வளர்ந்தவர்களால் டெஸ்ட் ஆட முடியாமல் போவதற்கு ஐபிஎல்தான் காரணமா?

2025 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில், தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக 124 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 93 ரன்னில் சுருண்டது. அதைச் சொல்லி, "அடித்து ஆடப் பழகியவர்களால் இனி நின்று ஆடவே முடியாதா, எல்லாம் ஐபிஎல் செய்த வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலூரில் சனி, ஞாயிறுகளில் பள்ளி மாணவர்களுக்குக் கிரிக்கெட் பயிற்சி கொடுக்கிறேன். ஐபிஎல் மீது மொத்தப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. அடிக்கக் கற்றுக்கொண்ட பையன் கெட்டுப்போவதில்லை. நின்று ஆடுகிறவனுக்கு மதிப்பு கிடைக்கும் ஆட்டங்களை அவனுக்கு நாம் கொடுக்காமல் விட்டதுதான் கேடு. இந்தக் கேடு தொலைக்காட்சியில் தெரியும் மைதானங்களில் தொடங்கவில்லை. எங்கள் ஊர் போன்ற இடங்களில் தொடங்குகிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இருபது ஓவரில் 120 பந்துகள், கையில் பத்து விக்கெட்டுகள். ஒரு விக்கெட்டுக்கு 12 பந்து. 15 பந்தில் 30 ரன் அடித்து ஆட்டமிழந்தவன் தன் வேலையை முடித்துவிட்டான். அவனைத் தட்டிக்கொடுக்கத்தான் வேண்டும். டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்துகள். அங்கே அதே 15 பந்தில் ஆட்டமிழந்தால், பந்து புதிதாக இருக்கும்போதே அடுத்தவனைக் களத்துக்குள் தள்ளிவிட்டுப் போகிறான். தன் விக்கெட்டுக்கு என்ன விலை என்பது பத்துப் பன்னிரண்டு வயதிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்த வயதில் நம் பையன்கள் என்ன ஆடுகிறார்கள் என்று பாருங்கள்.

வேலூருக்கும் காட்பாடிக்கும் இடையே பாலாறு ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் வறண்டு கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மணல் முழுக்க ஆட்டம்தான், ஒரு ஆட்டத்தின் ஃபீல்டர் இன்னொரு ஆட்டத்தின் நடுவே நிற்பான். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. ஆனால் எல்லாமே ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டங்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் பேனர் வைத்து நடத்தும் டோர்னமெண்டுகளும் அப்படித்தான். இரண்டு பந்தைத் தடுத்தால் போதும், "என்னடா கட்டை போடுகிறாய், அடி, இல்லாவிட்டால் அவுட்டாகி வா" என்று சொந்த அணியே கத்தும். கோடை முகாமுக்கு வந்தாலும் வலைக்குள் ஆளுக்குப் பத்து நிமிடம். அவுட்டானாலும் தொடர்ந்து ஆடலாம். பத்து நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் எந்தப் பையன் பந்தை விட்டுவிடுவான்? வாரத்துக்கு வாரம் அவன் பழகுவது தண்டனையே இல்லாத பேட்டிங்.

சுழற்பந்தில்தான் இது மிகவும் காட்டிக்கொடுக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டி20-யில் ஒரு சுழல் பந்துவீச்சாளருக்கு 24 பந்துகள்தான். அடி வாங்காமல் தப்பிக்க அவர் தட்டையாக, வேகமாகப் போடுகிறார். ஃபீல்டர்கள் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள். பேட்ஸ்மேன் முன்காலை ஒதுக்கிக்கொண்டு, கையை இறுக்கி, மட்டையை உடம்பிலிருந்து தள்ளி வீசுகிறான். மட்டையின் விளிம்பில் பட்டாலும் பெரும்பாலும் ஆளில்லாத இடத்தில் போய் விழுகிறது. டெஸ்டில் அதே பந்துவீச்சாளர் ஒரே முனையிலிருந்து இருபது ஓவர் போடுவார். சில்லி பாயிண்டிலும் ஷார்ட் லெக்கிலும் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் ஆட்கள். இறுகிய கையோடு தடுத்தால் பந்து நேராக அவர்கள் கைக்குப் போகும். பிடி தளர்ந்திருந்தால் காலடியிலேயே விழும். பந்து கையிலிருந்து வெளிப்படும்போதே நீளத்தைக் கணித்து, முழுதாக முன்னே போவதா, முழுதாகப் பின்னே போவதா என்று முடிவெடுக்க வேண்டும். பாதி வழியில் நிற்பவன் பிழைப்பதில்லை. 2024 அக்டோபரில் புனே டெஸ்டில் நியூசிலாந்தின் சுழல் பந்துவீச்சாளர் மிட்செல் சாண்ட்னர் இந்தியாவுக்கு எதிராக 13 விக்கெட் எடுத்தபோது பார்த்திருப்பீர்கள். பெரிய மாயம் எதுவும் அவர் செய்யவில்லை. வேகத்தை மாற்றி மாற்றி அதே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பையன்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாவட்டங்களில் பெரும்பாலும் மேட் விரித்த ஆடுகளம்தான். மேட் விரிப்பில் பந்து திரும்பும், எழும்பும். ஆனால் ஒரே சீராக எழும்பும். புல்தரை பிட்சின் மூன்றாம் நாள் வெடிப்பில் பட்டு ஒன்று தாழ்ந்தும் ஒன்று எகிறியும் வருவதை, மாநில அளவுக்குப் போகும்வரை அவன் பார்த்ததே இருக்காது.

பழைய ஆட்டக்காரர்களைக் காட்டி இவர்களைத் திட்டுவதை மட்டும் நான் ஏற்பதில்லை. 1987-ல் பெங்களூரில், பாகிஸ்தானின் இக்பால் காசிமும் தௌசீஃப் அகமதும் பந்தைக் கண்டபடி திருப்பிய ஆடுகளத்தில் சுனில் கவாஸ்கர் 264 பந்துகள் நின்று 96 ரன் எடுத்தார். இந்தியா 16 ரன் வித்தியாசத்தில் தோற்ற அந்த டெஸ்டில் அவர் ஆடியதற்கு ஈடான தற்காப்பு மிகக் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் முன்காலை நன்றாக நீட்டிப் பந்தைக் கால்காப்பில் (பேடில்) வாங்கிக்கொண்டால் நடுவர் எளிதில் எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்ததற்கான அவுட், கொடுக்க மாட்டார். நடுவரின் முடிவைத் தொலைக்காட்சிப் பதிவில் மறுபடி சரிபார்க்கும் டிஆர்எஸ் வந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. இன்றைய பேட்ஸ்மேன் மட்டையைக் காப்புக்கு முன்னால் கொண்டுவந்தே தீர வேண்டும். வேலை கடினமாகியிருக்கிறது, பழகும் நேரம் குறைந்திருக்கிறது.

ஆடுகளத்தைக் குறை சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கொல்கத்தா பிட்ச் நல்ல பிட்ச் இல்லை. கழுத்து வலியால் இந்திய கேப்டன் ஷுப்மன் கில் இரண்டாவது இன்னிங்ஸில் ஆடவும் இல்லை. ஆனாலும் அதே பிட்ச்சில் தென் ஆப்பிரிக்க கேப்டன் டெம்பா பவுமா 136 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 55 ரன் எடுத்தார். அந்த டெஸ்டில் இரண்டு அணிகளுக்கும் சேர்த்து அது ஒன்றுதான் அரைசதம். அடுத்து குவாஹாட்டியில் இந்தியா 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அங்கே முதல் இன்னிங்ஸில் நம் அணியில் அதிகப் பந்துகளைச் சந்தித்தவர் குல்தீப் யாதவ்: 134 பந்துகளில் 19 ரன். பந்துவீச்சாளர் ஒருவர் நிற்க முடிகிற ஆடுகளத்தில் பேட்ஸ்மேன்கள் நிற்கவில்லை என்பதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வலித்தது.

ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனை என்னிடம் அழைத்துவருகிறார். "சார், இவன் சிக்சரே அடிக்க மாட்டேன் என்கிறான். செலக்‌ஷனில் அதைத்தானே பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். அவரை எப்படிக் குறை சொல்வது? 2025 ஏப்ரலில் பதினான்கு வயது வைபவ் சூரியவன்ஷி 35 பந்தில் ஐபிஎல் சதம் அடித்ததை அந்த வீட்டிலும் பார்த்திருக்கிறார்கள். தேர்வு நாளில் ஒரு பையனுக்குக் கிடைப்பது சில பந்துகள்; அதில் அழகாக விட்டுவிட்ட பந்தை யாரும் குறித்துக்கொள்வதில்லை. "அவன் அடிப்பதை நான் தடுக்க மாட்டேன் அண்ணா, அடிக்க வேண்டிய பந்து வரும்வரை இருக்கச் சொல்லித்தருகிறேன்" என்றேன். அவர் முழுதாகச் சமாதானமாகவில்லை. பையன் தொடர்ந்து வருகிறான்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். எங்கள் பையன்களையே இரண்டு அணியாகப் பிரித்து, ஓவர் கணக்கு இல்லாமல் இரண்டு நாள் ஆட்டம் ஆடுகிறோம். சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து ஞாயிறு தொடரும். வலைப்பயிற்சியிலும் அவுட்டானால் காப்பைக் கழற்ற வேண்டும், அன்றைக்கு அவ்வளவுதான். ஹெல்மெட் போட்ட ஒருவன் சில்லி பாயிண்டில் கட்டாயம் நிற்பான். தரையைக் கொத்திக் கரடாக்கி, பழைய பந்தை அதில் குத்திப் போடுகிறேன். ஆரம்பத்தில் சலித்துக்கொண்டார்கள். இப்போது சனிக்கிழமை ஆட்டமிழக்காமல் நின்ற பையன் ஞாயிறு காலை குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து, எனக்கு முன்னால் மைதானத்தில் நிற்கிறான்.

டி20 ஆடுகிறவனால் டெஸ்டும் ஆட முடியும் என்பதற்கு நம் தமிழ்நாட்டு வீரர் வாஷிங்டன் சுந்தரே போதும். தமிழ்நாட்டின் டி20 தொடரான டிஎன்பிஎல்-லும் ஐபிஎல்-லும் ஆடி வளர்ந்தவர்தான். ஆனால் சென்னை லீகின் பல நாள் ஆட்டங்களும் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையின் நான்கு நாள் ஆட்டங்களும் அவருக்குக் கிடைத்தன. 2024 அக்டோபரில் டெல்லிக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் 152 ரன் எடுத்துவிட்டுத்தான் இந்திய அணிக்குத் திரும்பினார். வேலூர்ப் பையன் அப்படிப்பட்ட ஆட்டம் ஒன்றை ஆட வேண்டுமென்றால், இன்றும் காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. மாவட்ட அளவில் பதினான்கு, பதினாறு வயதினருக்கு இரண்டு நாள் ஆட்டங்கள் நிறைய நடந்தால் பத்தாண்டில் வேறுபாடு தெரியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் வீட்டில் கிரிக்கெட் ஆடும் பிள்ளை இருந்தால், 2025 ஜூலையில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா ஆடிய மான்செஸ்டர் டெஸ்டின் கடைசி நாளை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் இன்னிங்ஸில் 311 ரன் பின்தங்கி, இரண்டாவது இன்னிங்ஸின் முதல் ஓவரிலேயே ரன் எடுக்காமல் இரண்டு விக்கெட்டை இழந்த அணி 143 ஓவர் நின்று டிரா செய்தது. ராகுல் 90, கில் 103, பிறகு ஜடேஜா 107, வாஷிங்டன் 101, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. வாஷிங்டன் அடித்த பவுண்டரிகளைப் பிள்ளை தானாகவே பார்த்துக்கொள்வான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்துகளை அவர் விட்டபோது கை எங்கே இருந்தது, தலை எங்கே இருந்தது என்று மட்டும் நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள்.