பலகை விளையாட்டு: கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: எங்கள் புளோக்கில் மாதம் ஒரு சனிக்கிழமை போர்டு கேம் மாலை நடத்துகிறோம். பெண்கள் ஒருமுறை வருகிறார்கள், அடுத்த மாதம் ஆளைக் காணோம். ‘விங்ஸ்பேன்’ மாதிரி பெண்களுக்கான ஆட்டங்களை வாங்கி வைக்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: தாராளமாக வாங்குங்கள், நல்ல ஆட்டம். ஆனால் பெண்களுக்கான ஆட்டம் என்று யார் சொன்னது? பறவைகளுக்குத் தீனி கொடுத்துச் சேர்க்கும் இந்த ஆட்டம், எலிசபெத் ஹார்கிரேவ் வடிவமைத்து 2019இல் வந்தது. 170 பறவை அட்டைகள், ஆளுக்கு 26 முறை. தீனிக் கணக்கில் கோட்டை விட்டால் ஆணும் தோற்பார், பெண்ணும் தோற்பார்.

ஒருமுறை வந்தவர் மறுபடி வராததற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்காது. விதி சொல்லிக் கொடுப்பவரைக் கவனியுங்கள். கணவனும் மனைவியும் வந்து உட்கார்ந்தால், கணவன் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். அடுத்தது, ஊர் ஊராகப் போய் நோயைக் குறிக்கும் க்யூப்களை அகற்றும் ‘பேண்டமிக்’ போல எல்லாரும் ஒரே அணியாக ஆடும் ஆட்டம். பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர், “அக்கா, நீங்க சென்னைக்குப் போங்க, கறுப்பு க்யூபை எடுங்க” என்று அடுத்தவர் முறையையும் தானே ஆடிவிடுவார். காயை நகர்த்துவது மட்டும் அக்காவின் வேலை. அதற்கு அவர் எதற்கு வர வேண்டும்?

முறை யாருடையதோ அவர்தான் முதலில் பேச வேண்டும், அவர் கேட்டால் மட்டுமே யோசனை என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். அட்டைகளை மேசையில் விரிக்காமல் கையில் பிடிக்கச் செய்யுங்கள். எல்லார் அட்டையும் கண்ணில் பட்டால்தான் ஒரே ஆளால் எல்லாருக்கும் திட்டம் போட முடியும்.

மேசைக்கு நான்கு பேர் போதும். புதிதாக வந்த பெண்ணை மூன்று பழைய கூட்டாளிகளுக்கு நடுவே தனியாக உட்கார வைக்காதீர்கள். அதற்காக ‘மகளிர் மேசை’ என்று ஒதுக்கவும் வேண்டாம். முடியும் நேரத்தை அழைப்பிலேயே போடுங்கள். ‘ஆட்டம் முடியும் வரை’ என்றிருந்தால், வீட்டில் சின்னப் பிள்ளை உள்ளவர் எப்படிக் கிளம்புவார்?

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் பெண் பாத்திரத்துக்கு வலிமை குறைவு என்கிறார், கதையை நடத்தும் எங்கள் டன்ஜன் மாஸ்டர். அப்படி விதி உண்டா?
– வாசகி, செங்காங்

பதில்: இருந்தது. 1978ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில் மனிதப் பெண் பாத்திரத்தின் வலிமை 18/50உடன் நின்றுவிடும். ஆணுக்கு 18/00 வரை. கோட்டுக்குப் பின்னால் வருவது 18க்கு மேல் கிடைக்கும் கூடுதல் வலிமை, 00 என்றால் நூறு. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். அவர் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

கதை போகும் போக்கு உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், ஓர் அட்டையில் எக்ஸ் என்று எழுதி மேசை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய முறை இது. யார் அதைத் தொட்டாலும் காட்சி அங்கேயே நிற்கும், ஏன் என்று கேட்கக்கூடாது. தொடத் தயங்குவார்கள் என்பதுதான் சிக்கல். முதல் நாள் டன்ஜன் மாஸ்டரே சும்மா ஒருமுறை தொட்டுக் காட்டினால் தயக்கம் போகும்.

கேள்வி: மகள் ஒட்டி, பெயிண்ட் அடித்து ஆடும் 28 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வீரர் பொம்மைகள் எல்லாருமே ஆண்கள். சிலரைப் பெண்ணாக மாற்ற முடியுமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: தலையை மாற்றினால் போதும். கவசம் போட்ட உடம்பு அந்த அளவில் யாருக்கும் ஒன்றுதான். மார்புக் கவசத்தைச் செதுக்கக் கிளம்பாதீர்கள், கெட்டுத்தான் போகும்.

தலை வாங்கும்போது ‘ஹீரோயிக்’ அளவா என்று பாருங்கள். அந்த வகை உடம்புகளுக்குத் தலை சற்றுப் பெரிது. சாதாரண அளவுத் தலையை ஒட்டினால் குண்டூசி மாதிரி தெரியும். தனியாக விற்கும் தலைகள் பல ரெசின் என்ற வேறு பொருளில், அச்சில் வார்த்து வரும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், இல்லையென்றால் அச்சிலிருந்து கழற்றத் தடவிய எண்ணெய் மேல் பெயிண்ட் பிடிக்காது. பிளாஸ்டிக் சிமெண்ட் பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டுகிறது, ரெசினை அது உருக்காது. அதனால் சூப்பர் க்ளூ, ஒரு சொட்டு. கழுத்தில் இடைவெளி தெரிந்தால், பிசைந்து அடைக்கும் ‘கிரீன் ஸ்டஃப்’ களிமம்: மஞ்சள் பட்டையும் நீலப் பட்டையும் சம அளவு. இரண்டும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நடுக்கோட்டை வெட்டி எறிந்துவிட்டுப் பிசையுங்கள், அங்கே இறுகிய துகள் இருக்கும்.

பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமரை ஸ்ப்ரேயாக அடிக்காமல் பிரஷ்ஷால் இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். நம்மூரில் விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். அந்த நேரத்தில் ஸ்ப்ரே அடித்தால் முகமெல்லாம் மணல் தூவியதுபோல் சொரசொரத்துவிடும். ஸ்ப்ரேதான் வேண்டுமென்றால் மழை இல்லாத நாளில் மத்தியானம் மூன்று மணிவாக்கில், அதுவும் அடுத்த வீட்டுக்காரர் துணி காயப்போடாத பக்கமாக.