செம்மறிக்குக் கேட்ட மருந்து வெள்ளாட்டுக்கு ஏன் கேட்கவில்லை?

கேள்வி: செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் சேர்த்து வளர்க்கிறேன். எல்லாவற்றுக்கும் எடை பார்த்து, கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் ஆல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தைப் புகட்டினேன். செம்மறிகள் தேறிவிட்டன. வெள்ளாடுகளுக்குப் பத்து நாள் ஆகியும் கண்ணின் உள்ளிமை வெளுத்தே இருக்கிறது. சிலவற்றுக்குத் தாடையின் கீழ் வீக்கமும் உண்டு. மருந்து போலியா?

பதில்: போலியென்றால் செம்மறிகள் தேறியிருக்காதே! வெள்ளாட்டின் கல்லீரலைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.

ஆல்பெண்டசோல் உடலுக்குள் போனதும் கல்லீரல் அதைச் சல்பாக்சைடாக மாற்றுகிறது. புழுவைக் கொல்வதில் பெரும்பங்கு இதற்குத்தான். அடுத்த மாற்றத்தில் அது வீரியமற்ற சல்போனாகி வெளியேறுகிறது. இந்த இரண்டாவது மாற்றம் வெள்ளாட்டில் வெகு வேகமாக நடக்கிறது. கண்ட தழையையும் கடிக்கிற பிராணி அல்லவா, நஞ்சை முறிக்கப் பழகிய கல்லீரல் அது. இந்த மருந்தோ புழுவை ஒரே அடியில் வீழ்த்துவதில்லை. பல மணி நேரம் படிந்திருந்தால்தான் புழு சாகும். அரைகுறையாகப் பட்ட மருந்தில் தப்பும் புழுக்கள்தான் பிறகு எந்த அளவுக்கும் அசையாத கூட்டமாகப் பெருகும்.

அதனால் வெள்ளாட்டுக்குச் செம்மறியின் இரு மடங்கு, அதாவது கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். சினையின் தொடக்கத்தில் உள்ள ஆட்டுக்கு வேண்டவே வேண்டாம், கரு சிதையலாம்.

புகட்டும் விதமும் முக்கியம். குழலை நாக்கின் அடிப்பகுதிவரை விட்டுப் புகட்டுங்கள். வாயின் முன்பக்கம் ஊற்றினால் மருந்து பெருவயிற்றைத் தாண்டி நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்விடலாம். பெருவயிற்றில் தங்கினால்தான் சிறிது சிறிதாக இறங்கி, இரத்தத்தில் நெடுநேரம் நிற்கும். முந்தைய இரவு தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்தால் மருந்து இன்னும் மெதுவாக நகரும். ஆனால் தாடை வீங்கிய ஆடுகளையும் நிறைசினை ஆடுகளையும் பட்டினி போடாதீர்கள்; அவற்றுக்குத் தாங்காது.

‘வெள்ளாடென்றால் இரட்டிப்பு’ என்று எல்லா மருந்துக்கும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். லெவாமிசோல் என்ற இன்னொரு புழு மருந்தை இரட்டித்தால் எச்சில் ஒழுகி, நடுங்கி, ஆடு செத்தும் போகலாம்.

இரட்டிப்பு அளவு ஆல்பெண்டசோல் புகட்டிய பதினான்காம் நாள் சாணத்தில் புழு முட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். அப்போதும் குறையவில்லையென்றால் புழு இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. வேறு வகை மருந்துக்கு மாற வேண்டியதுதான்.

பால் கறக்கும் ஆடுகள் இருந்தால், புட்டியில் போட்டிருக்கும் விலக்கு நாள்கள் (பாலைப் பயன்படுத்தக் கூடாத நாள்கள்) அதிலுள்ள அளவுக்கு மட்டுமே பொருந்தும். இரட்டிப்பு அளவு கொடுத்த ஆட்டின் பாலை எத்தனை நாள் ஒதுக்குவது என்பதை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.