வல்வெர்டே ஓட்டியது 42 வயது வரை, உங்கள் தம்பியின் கடன் ஓடப்போவது 43 வரை

கேள்வி: நான் சுவிஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். என் கணவர் சுவிஸ்காரர், தொழில்முறை சைக்கிள் வீரர், வயது 36. இங்கே பதிவான ஓர் இரண்டாம் நிலை அணியில், அணித் தலைவருக்காக உழைக்கும் துணை வீரராக இருக்கிறார். மாதச் சம்பளம் 6,500 பிராங், கைக்கு 5,500. என் பகுதி நேர வேலையில் 2,600 வருகிறது. இரண்டு பிள்ளைகள். வாடகை, காப்புறுதி, வரி, சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 6,500 செலவு. வங்கியில் 24,000 இருக்கிறது. என் தம்பியின் உணவகம் நொடித்தபோது அவன் பெயரில் விழுந்த கடனுக்கு, இரண்டு வருடமாக மாதம் 1,400 கொடுத்து வருகிறோம். இப்போது திரும்பத் தொடங்குவதற்கு 80,000 பிராங் கடன் கேட்டிருக்கிறான். 8 சதவீத வட்டி, ஏழு வருடம். அத்தான் பிணை நின்றால்தான் கிடைக்குமாம். கணவரின் ஒப்பந்தம் இந்த டிசம்பரோடு முடிகிறது. "வல்வெர்டே 42 வரை ஓட்டினார், எனக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது" என்கிறார். தெரிந்த காப்புறுதிக்காரர் ஒருவர் மூன்றாம் தூண் (அரசு, வேலையிட ஓய்வூதியங்களுக்கு மேல் நாமாகச் சேர்க்கும் முதுமைச் சேமிப்பு) ஆயுள் காப்புறுதி போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, வரவு செலவைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் சிக்கனம் பற்றி உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் ஒரே ஒரு பழக்கம்தான் ஆபத்தாக இருக்கிறது. இன்னும் கையெழுத்தாகாத அடுத்த ஒப்பந்தத்தின் காசை, தம்பி கேட்கும்போதே கொடுத்துவிடுகிறீர்கள்.

முதலில், ஸ்பெயின் நாட்டு வீரர் வல்வெர்டே. 2017 டூர் டி பிரான்ஸின் முதல் நாளே டுசெல்டோர்ஃபில் விழுந்து முழங்கால் சில்லு உடைந்தவர், மறு வருடம் இன்ஸ்புருக்கில் 38 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். 2022இல் ஓய்வு பெற்றார். உண்மைதான். ஆனால் அவர் பெல்ஜியத்தின் புகழ்பெற்ற ஒருநாள் பந்தயமான லியேஜ்-பஸ்தோன்-லியேஜை நான்கு முறை வென்றவர். அப்படிப்பட்டவர் எழுந்து வரும்வரை ஒரு பெரிய அணி காத்திருக்கும். துணை வீரருக்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது. உங்கள் கணவரோடு ஒப்பிட வேண்டியவர் மாத்யூ ஹேமன். காலமெல்லாம் மற்றவருக்காக ஓட்டிய ஆஸ்திரேலியர். 2016இல் 37 வயதில், கை முறிந்த ஆறு வாரங்களில் பாரிஸ்-ரூபே என்ற கடினமான ஒருநாள் பந்தயத்தை வென்றார், 40 வயதில் நிறுத்தினார். ஆகவே 40 வரை போக முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வயதில் நெடுநேரத் தாங்குதிறன் அவ்வளவாகக் குறைவதில்லை. திடீர் வேகமும், மறுநாளைக்குள் உடல் தேறும் தன்மையும்தான் முதலில் குறையும். துணை வீரருக்கு அனுபவம் அதை ஓரளவு ஈடுகட்டும்.

ஆனால் கால் தாங்குவது ஒன்று, சம்பளம் தொடர்வது வேறு. அமெரிக்க வீரர் கிறிஸ் ஹார்னரைப் பாருங்கள். 2013இல் ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தை 41 வயதில் வென்றார். மூன்று பெரிய சுற்றுப் பந்தயங்களில் ஒன்றை அந்த வயதில் வென்றவர் வேறு எவரும் இல்லை. அப்படியிருந்தும் அடுத்த ஜனவரி கடைசி வரை, ஏறக்குறைய நான்கு மாதம், அவருக்கு அணி கிடைக்கவில்லை. பிரிட்டனின் நட்சத்திர வீரர் மார்க் கவெண்டிஷ் 2022 முடிவில் சேர இருந்த பிரெஞ்சு அணி பண உதவியாளர் கிடைக்காமல் மூடப்பட்டது. அவர் போட்டியில் எந்தத் தவறும் செய்யவில்லை. உங்கள் கணவரின் வேலையும் ஒரு நிறுவனத்தின் விளம்பரச் செலவை நம்பித்தான் இருக்கிறது. அந்த நிறுவனம் விலகினால் 25 வயதுக்காரனும் 36 வயதுக்காரனும் ஒரே நாளில் வெளியே நிற்பார்கள். அதில் 25 வயதுக்காரனை முதலில் எடுத்துக்கொள்வார்கள். ஸ்லோவேனிய வீரர் போகாச்சர் 21 வயதில் டூர் டி பிரான்ஸ் வென்ற பிறகு, அணிகள் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்கப் போட்டி போடுகின்றன. அந்த இடங்கள் முதிய துணை வீரர்களிடமிருந்துதான் போகின்றன.

"மூன்றாம் நிலை அணியிலாவது ஓட்டுவேன்" என்று அவர் சொல்லக்கூடும். இத்தாலிய வீரர் தவிதே ரெபெல்லின் 51 வயது வரை ஓட்டினார், கடைசி ஆண்டுகள் அந்த நிலையில்தான். முதல் இரண்டு நிலைகளுக்கும் சர்வதேச சைக்கிள் சங்கம் குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறது. மூன்றாம் நிலைக்கு அப்படி எதுவும் இல்லை. ஆசைக்காக அங்கே ஓட்டலாம், குடும்பச் செலவை அதை நம்பி வைக்கக் கூடாது.

சரி, கணக்கு. வரவு 8,100, செலவு 6,500, மிச்சம் 1,600. அதில் 1,400 தம்பிக்கு. இருவரும் உழைத்து மாதம் 200 சேமிக்கிறீர்கள். இரண்டு வருடத்தில் 33,600 பிராங் போயிருக்கிறது. உங்கள் மொத்தச் சேமிப்பைவிட அது அதிகம்.

ஜனவரியில் ஒப்பந்தம் இல்லை என்று வையுங்கள். அவர் சம்பள ஊழியர், கடைசி இரண்டு வருடத்தில் 18 மாதம் சந்தா கட்டியிருந்தால் வேலையிழப்புக் காப்புறுதியில் 400 நாள் படி கிடைக்கும். வாரத்துக்கு ஐந்து நாள் கணக்கு என்பதால் சுமார் ஒன்றரை வருடம். பிள்ளைகள் இருப்பதால் 80 சதவீதம், அதாவது 5,200, கழிவு போக 4,700 என்று வைக்கலாம். உங்கள் 2,600 சேர்ந்தால் 7,300. செலவு போக 800 மிஞ்சும். குடும்பம் தாங்கும். தம்பியின் 1,400 தொடர்ந்தால் மாதம் 600 துண்டு விழும். புதிய கடனின் தவணை சுமார் 1,250. உணவகம் மறுபடி சறுக்கி அதுவும் உங்கள் தலையில் விழுந்தால் துண்டு 1,850. உங்கள் 24,000 பதின்மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். புதிய கடனுக்கு மொத்தமாகத் திருப்பவேண்டியது ஏறக்குறைய 1,05,000. கடைசித் தவணையின்போது உங்கள் கணவருக்கு 43 வயது. அவர் வல்வெர்டே ஆகவே இருந்தாலும் அந்தக் கடன் அவருடைய பந்தய வாழ்க்கையைத் தாண்டிப் போகிறது.

ஆகவே பிணை வேண்டாம். இதில் முடிவு உங்கள் கையிலும் இருக்கிறது. சுவிஸ் சட்டப்படி தனிநபர் 2,000 பிராங்குக்கு மேல் பிணை நின்றால் அது நோட்டரி முன் பதிவாக வேண்டும், வாழ்க்கைத் துணையின் எழுத்து மூல ஒப்புதலும் வேண்டும். நீங்கள் ஒப்பமிடாவிட்டால் அந்தப் பிணை செல்லாது. ஒரு எச்சரிக்கை: சில இடங்களில் "பிணை வேண்டாம், கூட்டுக் கடனாளியாகப் போடுங்கள்" என்பார்கள். அந்தப் பத்திரத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை, பொறுப்பு மட்டும் முழுதாக வரும். அதற்கும் மறுத்துவிடுங்கள்.

பழைய 1,400ஐ அடுத்த மாதமே 400 ஆக்குங்கள், ஒப்பந்தம் முடிந்தால் அதையும் நிறுத்துங்கள். கடன் தம்பியின் பெயரில் இருக்கிறது, உங்களுக்குச் சட்டக் கடமை இல்லை. உங்கள் கன்டோனில் (மாநிலத்தில்) கடன் ஆலோசனை நிலையம் இருக்கும். அங்கே தம்பியோடு கூடப் போங்கள். காசு கொடுப்பதைவிட அது பெரிய உதவி. அம்மா வருத்தப்படுவார், உறவுக்குள் நாலு பேர் "வெள்ளைக்கார மாப்பிள்ளை கைவிட்டார்" என்பார்கள். அதனால் இதைத் தம்பியிடம் நீங்களே சொல்லுங்கள், கணவரை முன்னால் நிறுத்தாதீர்கள். மாதம் 1,000 மிச்சமானால் ஒரு வருடத்தில் கையிருப்பு ஆறு மாதச் செலவை நெருங்கிவிடும்.

காப்புறுதிக்காரரின் திட்டம் உங்களுக்கு வேண்டாம். இருபது முப்பது வருடம் விடாமல் தவணை கட்டும் கட்டாயம், இடையில் விட்டால் ஆரம்ப வருடங்களில் போட்டதில் பெரும்பகுதி போய்விடும். வருமானம் டிசம்பரோடு மாறக்கூடிய வீட்டில் இதை விற்க வருபவரிடம் எனக்குப் பொறுமை இல்லை. மூன்றாம் தூண் வேண்டுமென்றால் வங்கியில் திறக்கலாம். ஓய்வூதிய நிதி உள்ள ஊழியர் இப்போது வருடம் 7,258 பிராங் வரை போடலாம், முடியாத வருடம் போடாமல் விடலாம். கையிருப்பு நிறைந்த பிறகு அதைப் பார்ப்போம்.

கணவருக்கு: அணி மாற்றப் பருவம் ஆகஸ்ட் 1 தொடங்குகிறது. அதற்கு முன்பே அணியிடம் நேராகக் கேட்கட்டும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்தால் ஏற்கலாம். சுயதொழில் ஒப்பந்தம் நீட்டினால் தொகை பெரிதாகத் தெரியும், ஆனால் வேலையிழப்புப் படி கிடையாது, சமூகக் காப்புறுதிச் சந்தா முழுவதும் அவர் தலையில். அப்புறம், சர்வதேச சைக்கிள் சங்கம் தன் தலைமையகம் இருக்கும் சுவிஸ் ஊரான ஏகிளில் அணி இயக்குநர்களுக்கான பயிற்சி நடத்துகிறது. துணை வீரராகப் பல வருடம் பந்தயத்தைப் படித்தவருக்கு அது பொருத்தமான அடுத்த வேலை. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்கட்டும்.

கடைசியாக, அவர் ஓய்வு பெற்றாலும் சைக்கிளை விடமாட்டார். ரெபெல்லின் தன் கடைசிப் பந்தயத்துக்கு ஒன்றரை மாதம் கழித்து, 2022 நவம்பரில், வீதியில் லாரி மோதி இறந்தார். வேலை முடிந்து 31 நாளில் உங்கள் கணவரின் விபத்துக் காப்பு நின்றுவிடும். வேலையிழப்புப் படி வாங்கினால் அதன் வழியாகத் தொடரும். வாங்காவிட்டால் அந்த 31 நாளுக்குள் பணம் கட்டி ஆறு மாதம் வரை நீட்டலாம். அதன் பிறகு மருத்துவக் காப்புறுதியில் விபத்தையும் சேர்த்துவிடுங்கள்.