மாத்திரையை நிறுத்திவிட்டு விமானம் ஏறாதே, தங்கச்சி

குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். செப்டம்பரில் இங்கிலாந்தில் லெஸ்டருக்கு எம்எஸ்சி படிக்க வருகிறாளாம். வாடகை எவ்வளவு, பார்ட் டைம் வேலை கிடைக்குமா, குக்கர் கொண்டு வரலாமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறாள்: "ரெண்டு வருஷமா மனசுக்கு ஒரு மாத்திரை சாப்பிடறேன் அண்ணா. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அங்கே தெரிஞ்சா விசாவுக்குப் பிரச்சனை ஆகுமா? கிளம்பறதுக்கு முன்னாடியே நிறுத்திடலாம்னு இருக்கேன். புது ஊருக்கு வந்துட்டா தேவைப்படாதுதானே?"

வாடகையும் வேலையும் உன் யூனிவர்சிட்டி பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் விவரமாகக் கிடைக்கும். நான் அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். (அண்ணா என்று கூப்பிட்டதற்கு நன்றி. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நான் அங்கிள் ஆகிப் பல வருஷம் ஆகிறது.)

நிறுத்தாதே. நான் ஒரு தடவை நிறுத்தினேன், என்ன ஆச்சு என்று கேள்.

2011 மே மாதம். சத்துவாச்சாரியில் சித்தப்பா மகள் கல்யாணம். அப்போது நான் ஒன்றரை வருஷமாகச் செர்ட்ரலின் என்கிற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி கட்டும்போது ஒரே கவலை, அம்மா பெட்டியைத் திறப்பாள். சாக்லேட் யாருக்கு, சோப்பு யாருக்கு, செண்ட் பாட்டில் எந்த மாமாவுக்கு என்று பிரிப்பது எப்போதும் அவள்தான். நடுவில் மாத்திரை அட்டை வந்தால் என்ன சொல்வது? அட்டையை லண்டன் ஈஸ்ட்ஹாம் அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மூன்று வாரம்தானே, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நினைப்பு. நன்றாக இருந்ததே அந்த மாத்திரையால்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆரம்பித்தது. தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. கிறுகிறுப்பு, குமட்டல், ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை. தாலி கட்டும் நேரத்தில் மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். "லண்டன் உடம்பு, வெயில் ஒத்துக்கல" என்றார் ஒரு மாமா. அம்மா, "புள்ளைக்குக் கண்ணு பட்டுகீது" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை. அப்புறம் என்ன, திருஷ்டிதான் என்று தீர்ப்பாகிவிட்டது.

திரும்பி வந்ததும் ஜிபியிடம் சொன்னேன் (இங்கே குடும்ப டாக்டரை ஜிபி என்பார்கள்). இந்த வகை மாத்திரையைச் சட்டென்று விட்டால் இப்படித்தான் ஆகும் என்றார். கஞ்சா, சாராயம் போன்ற அடிமைத்தனம் இல்லை. ஆனால் உடம்பு பழகியிருக்கிறது, வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும். அதையும் புது ஊர், புது வீடு, பரீட்சை எல்லாம் சேர்ந்து வரும் நேரத்தில் செய்யக் கூடாது.

உன் மாத்திரை எது என்று நீ எழுதவில்லை, பொதுவில் எழுதவும் வேண்டாம். ஆனால் அட்டையைத் திருப்பிப் பார். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அது இங்கே யாருக்கும் தெரியாது. கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அங்கே இரண்டு பெயர் இருக்கிறதா என்று பார். நம் ஊரில் மனச்சோர்வுக்கான எஸ்சிட்டாலோபிராமோடு, பதற்றத்தைத் தணிக்கும் குளோனாசிபாமையும் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுப்பது சகஜம். குளோனாசிபாம் இங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, ஜிபி லேசில் எழுதித் தர மாட்டார். பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். ஆகவே அப்படி இருந்தால் இந்த வாரமே உன் டாக்டரிடம் போய், இப்படி வெளிநாடு போகிறேன் என்று சொல். அவர் பார்த்துக் குறைக்கட்டும், நீயாக எதையும் குறைக்காதே. கையோடு அவர் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிவிடு. மருந்தின் பெயர், அளவு, எப்போதிலிருந்து, எதற்காக என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட அளவு மாத்திரையை அட்டையோடு, கடிதத்தோடு கைப்பையில் வை.

விசாவுக்கு வருவோம். நம் நாட்டிலிருந்து வரும் மாணவர்களிடம் கேட்கும் மருத்துவச் சான்று காசநோய்க்கு மட்டும்தான். மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். என்னுடைய ரெக்கார்டில் எல்லாம் இருந்தும் பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வந்தது, பாஸ்போர்ட்டும் வந்தது. சொல்லப்போனால் விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள் அல்லவா, அந்தக் காசில் இந்த வைத்தியமும் அடக்கம். மருந்துச் சீட்டுக்கு மட்டும் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. கட்டின காசுக்கு உரிமையோடு போய் உட்கார்.

வந்த முதல் வாரமே ஜிபியில் பெயரைப் பதிந்துவிடு. முகவரிச் சான்று இல்லை என்பதற்காகப் பதிய மறுக்கக் கூடாது என்பது விதி. ரிசப்ஷனில் யாராவது முகத்தைச் சுளித்தால் இதைப் பணிவாகச் சொல். நம்மவர்கள் செய்வது என்ன? காய்ச்சல் வந்து கிடையாகக் கிடக்கும்போதுதான் ஜிபி எங்கே என்று தேடுவார்கள்.

நானும் அப்படித்தான். 2007 அக்டோபரில் வந்தேன். ஈஸ்ட்ஹாமில் மூன்று அறையில் ஒன்பது பேர். வீட்டுக்காரர் நம்ம ஆள்தான், ஹீட்டரைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு வைத்திருந்தார். (தமிழன் தமிழனுக்கு உதவுவான் என்று உனக்கு யாராவது சொன்னால், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் கேள்.) படிப்பு முடிந்து ஒரு குடோனில் நைட் ஷிப்ட். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் விழுந்துவிடும். பகலில் தூங்கி ராத்திரி வேலைக்குப் போகிறவன் சூரியனையே பார்க்க மாட்டான். 2009 குளிர்காலத்தில் எனக்கு நெஞ்சு படபடப்பு, பசியில்லை, கை கால் அசதி. மூன்று தடவை டாக்டரிடம் போனேன், மூன்று தடவையும் நெஞ்சு எரிச்சல் என்று சொல்லி அசிடிட்டி மருந்தோடு வந்தேன். பத்து நிமிஷம்தான் தருவார்கள், அதில் நாம் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் பார்க்க முடியும். மனசு சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நமக்குத் துக்கம்கூட வயிற்றில்தான் வரும்.

கீழ் அறையில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் இருந்தார். அவர் யாரை இழந்தார், எத்தனை பேரை இழந்தார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு விடியற்காலை நான் வேலை முடிந்து வந்து படியிலேயே உட்கார்ந்திருந்தேன். தேத்தண்ணியை நீட்டி, "தம்பி, நித்திரை வருகுதோ?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அடக்க முடியவில்லை. அவரே என்னோடு வந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்து, உடைந்த ஆங்கிலத்தில், பிள்ளை தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்று மூன்றே வாக்கியம் சொன்னார்.

அப்போதுதான் அந்த ஒன்பது கேள்வித் தாள் வந்தது. உனக்கும் தருவார்கள். போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. நான் 0 போட்டேன். பெரியவர் பக்கத்தில் இருக்கிறார், போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று என்னென்னவோ பயம். அடுத்த தடவை போனபோது, போன முறை பொய் எழுதினேன் என்று சொன்னேன். அந்த டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். யாருக்கும் சொல்லவில்லை, எங்கேயும் அனுப்பவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார். நீ அந்தக் கேள்விக்கு முதல் தடவையே உண்மையைப் போடு.

பேச்சு வைத்தியத்துக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன். இப்போது இங்கிலாந்தில் ஜிபி இல்லாமலே நேராக நீயே விண்ணப்பிக்கலாம், டாக்கிங் தெரபீஸ் என்று பெயர். மொழி தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். எனக்குக் கொடுத்தது சிபிடி, நம் எண்ணங்களையே சோதித்துப் பார்க்கப் பழக்கும் பேச்சு வைத்தியம். பேசி என்ன ஆகப்போகிறது என்று சிரித்துக்கொண்டுதான் போனேன். அங்கே நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதுகிற மாதிரி எழுத வைத்தார்கள். "நான் எதற்கும் உதவாதவன்" என்று ஒரு பக்கம், அதற்கு என்ன சாட்சி, எதிர்ச்சாட்சி என்ன என்று மறுபக்கம். மூன்றாம் வாரம் எதிர்ச்சாட்சிப் பக்கம் நிரம்பிவிட்டது, எனக்கே வெட்கமாக இருந்தது. உன் யூனிவர்சிட்டியிலும் கவுன்சலிங் இலவசம். ராத்திரி இரண்டு மணிக்குத் தாங்க முடியவில்லை என்றால் அரசு மருத்துவ உதவி எண் 111 அடித்து 2 அழுத்து, இல்லை மனம் விட்டுப் பேச சமாரிட்டன்ஸ் உதவி எண் 116 123. உயிருக்கே ஆபத்து என்றால் 999.

இனி நீ சந்திக்கப்போகும் சில பேர். "நாங்க பார்க்காத கஷ்டமா, ஜிம்முக்குப் போ, சரியாயிடும்" என்பார் பொங்கல் விழாவில் ஒருவர். அவர் வீட்டில் மூன்று கார் நிற்கும், பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகியிருக்கும். இன்னொருவர் போனிலேயே ஜாதகம் பார்த்து ஏழரைச் சனி என்பார். யாரிடமும் சண்டை போடாதே, தலையை ஆட்டிவிட்டு வா. வரன் விஷயத்தில் உன் அம்மா பயப்படுவது எனக்குப் புரிகிறது. யாரிடம் சொல்வது என்பது உன் இஷ்டம். ஆனால் டாக்டரிடம் மட்டும் மறைக்காதே.

சென்னைக்காரனுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்கள் தெருவில் பாகாயம் அப்படி, வேலூர் சிஎம்சியின் மனநல மருத்துவமனை அங்கேதான். "1ஆம் நம்பர் பஸ்ஸுல ஏத்தி விடுடா இவன" என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரிந்திருக்கும். என் பெரியப்பா மகனுக்கு 19 வயதில் யாரோ காதில் பேசுகிற மாதிரி கேட்க ஆரம்பித்தபோது, முதலில் சோளிங்கர் நரசிம்மர் கோயிலுக்குத்தான் கூட்டிப்போனார்கள். தக்கான்குளத்தில் முழுக்கு, பெரிய மலைக்கு 1,305 படி, ஒரு மண்டலம். நான் சாமியைக் குறை சொல்ல மாட்டேன், அண்ணனுக்கு அந்தக் குளத்தங்கரை பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு பிள்ளையைக் காலில் சங்கிலியோடு வைத்திருந்ததைப் பெரியம்மா பார்த்துவிட்டாள், அதற்கு மேல் அங்கே இருக்க அவளுக்கு மனசு வரவில்லை. (2017 மனநலச் சட்டம் அந்தச் சங்கிலியைத் தடை செய்துவிட்டது.) நேராகப் பாகாயம்.

அங்கே ஒரு வழக்கம், நோயாளியோடு வீட்டில் ஒருவர் கூடவே தங்க வேண்டும். 1950களிலிருந்தே அப்படித்தான். பெரியம்மா இரண்டு மாதம் தங்கிச் சமைத்தாள். இது பேய் இல்லை, நீ வளர்த்த லட்சணமும் இல்லை, மாத்திரையை விட்டால் திரும்ப வரும் என்று அவளுக்குத்தான் முதலில் பாடம் நடந்தது. மூன்றாம் வகுப்பு படித்தவள், மாத்திரைப் பெயரை மனப்பாடமாகச் சொல்வாள். இங்கே எல்லாம் தலைகீழ். பொதுவாக, உன் அனுமதி இல்லாமல் உன் அம்மாவிடம்கூட டாக்டர் வாய் திறக்க மாட்டார். ரகசியத்துக்கு நல்லது. ஆனால் கூட உட்கார ஆள் இல்லை. எனக்கு அந்தப் பெரியவர் வாய்த்தார். நீ நம்புகிற ஒரு சிநேகிதியிடம் மட்டுமாவது முன்கூட்டியே சொல்லி வை.

அம்மாவுக்கும் ஒரு நம்பர் கொடுத்துவிட்டு வா, 14416, நம் அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். நீ கிளம்பிய பிறகு ராத்திரியெல்லாம் முழித்துக்கிடக்கப்போவது அவள்தான்.

அண்ணன் இப்போது காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவன் ஒரு மாத்திரை, பெரியம்மா பிரஷருக்கு ஒரு மாத்திரை, இரண்டு பேருக்கும் ஒரே சொம்புத் தண்ணீர். போன தடவை போனபோது நானும் என் அட்டையை எடுத்து அந்தச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா பார்த்தாள். "உனக்குமா? எத்தினி நாளா?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கல்யாணத்துல மொளகா சுத்துனனே, அப்பவா?" என்றாள்.

குக்கர் கேட்டாயே. கொண்டு வா, 3 லிட்டர் போதும், இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்கிற அடிப்பாகமா என்று பார்த்து வாங்கு. காஸ்கெட் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள். அது பெட்டியில், கடிதம் கைப்பையில்.